எல்டிஎம் ரிலே ஒன்றைப் பிரித்து மேய்ந்த கதை

ஐடிடி வலையில் ரூட்டிங் டேபிள், அதாவது எது எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல், எங்குமே கிடையாது. ரேடார், கணினி மாடல் வெளியீடு, விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டார், எச்சரிக்கை அறிக்கைகள் என்று வானிலைத் தரவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வலை அது. இன்டர்நெட் டேட்டா டிஸ்ட்ரிபியூஷன் என்பது முழுப்பெயர். கொலராடோ மாநிலம் போல்டரில் இருக்கும் யூனிடேட்டா 1990-களில் தொடங்கியது. ஒவ்வொரு தளத்திலும் எல்டிஎம், அதாவது லோக்கல் டேட்டா மேனேஜர் என்ற மென்பொருள், 388-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு தளத்துக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: நான் யாரிடம் எதைக் கேட்கிறேன், என்னிடம் யார் எதைக் கேட்கலாம். இந்த இரண்டும் எல்டிஎம்டி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில் ரிக்வெஸ்ட் வரிகளாகவும் அலவ் வரிகளாகவும் இருக்கும். ஒருவருடைய ரிக்வெஸ்டும் இன்னொருவருடைய அலவும் பொருந்தினால் ஒரு வழி பிறந்துவிட்டது. முழு வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர் யாருமில்லை.

அப்படிப்பட்ட ரிலே மெஷின் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. மிசூரி, கான்சஸ் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளிமண்டல அறிவியல் துறையில். மேலே இருக்கும், அதாவது எங்களுக்குத் தரவு தரும், அப்ஸ்ட்ரீம் தளங்களிடமிருந்து வாங்கி, துறைக்குள் வானிலைத் தரவைத் திரையில் காட்டும் அவிப்ஸ் சர்வருக்கும், ரேடார் ஆர்கைவுக்கும், அக்கம்பக்கத்துச் சிறிய கல்லூரிகள் சிலவற்றுக்கும் கொடுக்கிற வேலை.

2025 மே மாதம் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்பின் நிதி வந்துசேர்வதில் இடைவெளி விழுந்து, யூனிடேட்டா பெரும்பாலான பணிகளை நிறுத்திவைத்து ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. அதையொட்டி எங்கள் துறையில் எழுந்த கேள்வி நியாயமானது: நமக்கு வரும் ஃபீட், அதாவது தரவு ஓட்டம், எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறதா? ஃபைலைத் திறந்து பார்த்தால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பல வருஷமாகப் பல கைகள் தொட்ட ஃபைல். கமெண்ட் போட்டு மூடிய வரிகள் உயிருள்ள வரிகளைவிட அதிகம். ‘தற்காலிகம்’ என்று குறிப்பு எழுதிய ஒரு ரிக்வெஸ்ட், அதை எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, இடிமழை சீசன் தலைதூக்குவதற்குள் முழுக்கத் திரும்ப எழுதிவிடுவது என்று இறங்கினேன். அதில் பார்த்தது, செய்தது எல்லாம் இங்கே. எல்டிஎம் வைத்திருப்பவர்கள் தமிழில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் சந்தா கேட்டுத் தரவு வாங்கும் எந்த ரிலே வலையை மேய்ப்பவருக்கும் இதில் பாதியாவது உதவும்.

தொடுவதற்கு முன் பார்த்தது

கான்ஃபிக் ஃபைல் சொல்வது ஆசை. உண்மையில் என்ன ஓடுகிறது என்பதை லாக்தான் சொல்லும். எல்டிஎம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ் எழுப்புவதால், யார் எந்த ஃபீடில் எந்தப் பேட்டர்னோடு (ஃபீடுக்குள் எவை வேண்டும் என்று பெயரை வைத்து வடிகட்டும் குறி) தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை லாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். அந்தப் பட்டியலையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சில அலவ் வரிகளுக்கு எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. எப்போதோ மூடிய லேப்கள். ரிக்வெஸ்ட் பக்கம்தான் சுவாரசியம்.

எழுத்து வடிவ அறிக்கைகளுக்கு இரண்டு வரி இருந்தது. ஒன்று டபிள்யூஎம்ஓ என்ற ஃபீடை ஓர் அப்ஸ்ட்ரீமிடம் கேட்டது. மற்றது ஐடிஎஸ், டிடிபிளஸ் ஃபீடுகளை வேறோர் அப்ஸ்ட்ரீமிடம் கேட்டது. பெயரைப் பார்த்தால் இரண்டும் வேறு மாதிரி தெரியும். ஆனால் எல்டிஎம்மில் ஃபீட் வகை என்பது 32 பிட் கொண்ட ஒரு எண்; ஒவ்வொரு அடிப்படை ஃபீடுக்கும் ஒரு பிட். டபிள்யூஎம்ஓ என்பது தனி ஃபீட் இல்லை, ஐடிஎஸ், டிடிபிளஸ், எச்டிஎஸ் ஆகியவற்றைச் சேர்த்த கூட்டுப்பெயர். ஆக, ஒவ்வொரு மெட்டாரும் இரண்டு குழாயிலும் முழுசாக வந்துகொண்டிருந்தது.

இரண்டு இடத்தில் கேட்பது தப்பில்லை. அதுதான் காப்பு. ஆனால் எல்டிஎம் அதைக் காப்பு என்று புரிந்துகொள்ள ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு ரிக்வெஸ்டிலும் ஃபீடும் பேட்டர்னும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றைப் பிரைமரி என்றும் மற்றதை ஆல்டர்னேட் என்றும் பிரிக்கும். பிரைமரியில் தரவு கேட்காமலே வந்து விழும். ஆல்டர்னேட்டில் அப்ஸ்ட்ரீம் முதலில் ‘இப்படி ஒன்று வைத்திருக்கிறேன், வேண்டுமா?’ என்று கேட்கும். ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்று பதில் போகும், தரவு அனுப்பப்படாது. எந்தப் பக்கம் பெரும்பாலும் டூப்ளிகேட்டாக வருகிறதோ அந்தப் பக்கத்தைத் தானாகவே ஆல்டர்னேட்டுக்கு இறக்கி, மற்றதைப் பிரைமரிக்கு ஏற்றவும் செய்யும். எங்கள் ஃபைலில் ஃபீட் பெயர்கள் வேறாக இருந்ததால் இரண்டும் பிரைமரி. எழுத்து ஃபீட் சின்னது என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. இதே கதை கான்டூயிட் என்ற பெரிய ஃபீடில் நடந்திருந்தால் கேம்பஸ் நெட்வொர்க்காரர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள்.

கான்டூயிட்டின் ரம்பப் பல்

கான்டூயிட் என்பது மேரிலாந்தில் உள்ள அமெரிக்க அரசின் வானிலைக் கணிப்பு மையமான என்செப்பின் மாடல் வெளியீடுகளைச் சுமக்கும் ஃபீட். ஜிஎஃப்எஸ் என்ற உலகளாவிய வானிலை மாடலின் கால் டிகிரி வெளியீடு இதில்தான் வருகிறது. ஐடிடியின் பெரிய பாரங்களில் இதுவும் ஒன்று. உலகப் பொது நேரமான யூடிசியில் (சுருக்கமாக இசட்) 00, 06, 12, 18 மணி என்று நாளுக்கு நான்கு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்தின் வெளியீடும் சில மணி நேரம் கழித்து அலையாக இறங்கும். அந்த அலை நேரத்தில் எங்கள் தாமத வரைபடம் ரம்பம் மாதிரி ஏறி இறங்கியது. துறையில் ஆய்வு செய்யும் நம்மூர்ப் பையன் ஒருவன் வாரம் தவறாமல் வந்து, “அண்ணா, 12 இசட் ஜிஎஃப்எஸ் பாதியில நிக்குது, மிச்சம் எப்ப வரும்?” என்று கேட்பான். வரும், ஆனால் தாமதமாக. சில நாள் வராமலே போகும். அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன்.

இங்கே முதலில் தீர்க்க வேண்டியது கோளாறு யார் பக்கம் என்பது. ஒரே அப்ஸ்ட்ரீமிடமிருந்து வரும் சின்ன ஃபீடுகளைப் பாருங்கள். எழுத்து அறிக்கைகள் நொடிக்குள் வந்து, கான்டூயிட் மட்டும் நிமிடக் கணக்கில் பின்தங்கினால் அப்ஸ்ட்ரீம் மெஷின் நலமாக இருக்கிறது, குழாய்தான் குறுகல். அடுத்து, குறுகல் ஒவ்வொரு இணைப்புக்குமா, மொத்தத்துக்குமா? ஒரு ரிக்வெஸ்ட் என்றால் ஒரு டிசிபி இணைப்பு. தூரம் அதிகமானால் ஒற்றை இணைப்பில் ஓடும் வேகத்துக்கு டிசிபி விண்டோ அளவே (பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற எண்) வரம்பு கட்டும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மொத்த ஃபீடும் நின்று மூச்சு வாங்கும். சில கேம்பஸ்களில் இணைப்புக்கு இவ்வளவுதான் என்று அளந்துவிடும் பெட்டிகளும் நடுவில் இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழியும் மருந்தும் ஒன்றேதான்: ரிக்வெஸ்டைப் பிரிப்பது. கான்டூயிட்டில் வரும் பிராடக்ட், அதாவது தரவுத் துண்டு, ஒவ்வொன்றின் அடையாளமும் ஒரு வரிசை எண்ணில் முடியும். அந்த எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பேட்டர்னைப் பிரித்தால் ஏறக்குறைய சமமான பங்குகள் கிடைக்கும். 0 அல்லது 5-இல் முடிவது ஒரு ரிக்வெஸ்ட், 1 அல்லது 6-இல் முடிவது இன்னொன்று, இப்படி ஐந்து. பிரித்தபின் தாமதம் இறங்கினால் வரம்பு இணைப்புக்கு இருந்தது என்று அர்த்தம். இறங்காவிட்டால் மொத்தக் குழாயே நிரம்பிவிட்டது, நெட்வொர்க் ஆட்களிடம் போக வேண்டியதுதான். எங்களுக்கு இறங்கியது. ஐந்து போதுமானதாக இருந்தது. பத்தாகவும் பிரிக்கலாம், ஆனால் காப்பு அப்ஸ்ட்ரீமுக்கும் அதே பத்தை எழுத வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரி ஐந்தாகவும் காப்பு ஒன்றாகவும் இருந்தால் முன்னே சொன்ன அதே இரட்டைப் பிரைமரி வந்து நிற்கும், அதுவும் இவ்வளவு பெரிய ஃபீடில்.

பிரிக்கும்போது ஓர் இலக்கம் விட்டுப்போனால் எந்த எச்சரிக்கையும் வராது. பத்தில் ஒரு பங்கு கிரிப் செய்திகள் (மாடல் வெளியீடு வரும் வடிவம்) சத்தமில்லாமல் வராது, அவ்வளவே. படத்தில் ஓர் அடுக்கில் காற்று இருக்கும், ஈரப்பதம் இருக்காது. பார்ப்பவர் மாடலைத் திட்டுவார்.

ரேடார் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. ரேடாரின் அடிப்படைத் தரவான லெவல் 2 ஃபீடில், பிராடக்ட் அடையாளத்தில் ரேடாரின் நான்கெழுத்துக் குறியீடு இருக்கிறது. நாடு முழுக்க இருக்கும் 160 அளவிலான ரேடார்களையும் வாங்கி ஆர்கைவ் செய்ய எங்களுக்கு அவசியமில்லை. டொபீகா, விச்சிட்டா, கான்சஸ் சிட்டி, ஸ்பிரிங்ஃபீல்ட், செயின்ட் லூயிஸ், அவற்றைச் சுற்றிய சில. ஆனால் ரிலே என்ற முறையில் கீழே இருப்பவர்கள் கேட்பதையும் சேர்த்து வாங்க வேண்டும். கீழே ஒரு கல்லூரி ஓமஹாவைக் கேட்டு, நாம் மேலே ஓமஹாவைக் கேட்காமல் இருந்தால், அவர்களுக்கு இணைப்பு கிடைக்கும், தரவு கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. கேட்பதன் கூட்டுத்தொகை தருவதன் கூட்டுத்தொகையைவிடக் குறையக் கூடாது என்ற இந்தச் சின்னக் கணக்கை எல்டிஎம் நமக்காகப் போட்டுப் பார்ப்பதில்லை.

கியூவும் வழியின் ஒரு பகுதிதான்

இந்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான். எல்டிஎம் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரிக்வெஸ்ட் வரிகளையே பேசுவார்கள். வந்த பிராடக்டுகள் தங்கிப்போகும் பிராடக்ட் கியூவின் அளவு, எல்டிஎம் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். ஏதோ டிஸ்க் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் ரூட்டிங் கான்ஃபிகில் மிக முக்கியமான எண் அதுதான்.

ஏன் என்றால், இந்த வலையில் வட்டமடிப்பதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் உண்டு. தாவித் தாவி எண் தேய்ந்து செத்துவிடும். எல்டிஎம் பிராடக்டுக்கு அது கிடையாது. அ தளம் ஆ தளத்திடம் கேட்கலாம், ஆ தளம் அதே ஃபீடை அ தளத்திடம் திரும்பக் கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட விஷயம், பல இடங்களில் காப்புக்காக வேண்டுமென்றே செய்வதும் உண்டு. வட்டத்தை வெட்டுவது எம்டி5 கையொப்பம். ஒவ்வொரு பிராடக்டுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கையொப்பம் ஒன்று கூடவே பயணிக்கும். அது ஏற்கெனவே கியூவில் இருந்தால் புதிதாக வந்தது நிராகரிக்கப்படும்.

கியூவில் இருந்தால் மட்டும். கியூ ஒரு குறிப்பிட்ட அளவுள்ள ஃபைல், மெமரியில் மேப் ஆகியிருக்கும். நிரம்பினால் மிகப் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியதற்கு இடம் செய்யும். தூக்கிப் போடும்போது கையொப்பமும் போய்விடும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் முன்பக்கத்துத் தாள்களைக் கிழித்துக்கொண்டே போனால், காலையில் மொய் எழுதியவர் சாயங்காலம் திரும்ப வந்து எழுதினாலும் புது ஆள் என்றுதான் கணக்கில் ஏறும்.

எங்கள் கியூ இயல்பு அளவான 500 மெகாபைட்டிலேயே இருந்தது. எழுத்து அறிக்கைகளும் சில ரேடார்களும் மட்டும் வந்த காலத்தில் அது தாராளம். கான்டூயிட் சேர்ந்தபிறகு கியூவின் நிலையைக் காட்டும் பிக்யூமான் கட்டளையை அலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தால், கியூவிலேயே மிகப் பழைய பிராடக்டின் வயது சில நிமிடம்தான் காட்டியது. ஆனால் எல்டிஎம்மின் மேக்ஸ் லேட்டன்சி, அதாவது எவ்வளவு பழைய பிராடக்ட் வரை ஏற்றுக்கொள்வது என்ற எண், இயல்பில் 3600 நொடி. ஒரு மணி நேரப் பழசு வரை ஏற்பேன், ஆனால் சில நிமிடத்துக்கு முந்தியது எதுவும் நினைவில் இல்லை என்கிறது மெஷின். இடையில் இருக்கும் அந்த இடைவெளி முழுக்க டூப்ளிகேட்டுகள் நுழையும் வாசல்.

அந்த வாசல் வழியாக மூன்று கோளாறுகள் நுழைந்துகொண்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் சம்பந்தமே இல்லாதவை.

ரேடார் ஆர்கைவில் சில நாட்களில் ஒரே வால்யூம் ஸ்கேன் (ரேடார் வானத்தை ஒரு முறை முழுக்கச் சுற்றிப் பார்த்தது) இரண்டு முறை ஒட்டப்பட்டிருந்தது. காப்பு அப்ஸ்ட்ரீம் கொஞ்சம் மெதுவானது. அதனிடமிருந்து வரும் துண்டு வந்துசேர்வதற்குள் முதல் பிரதி கியூவைவிட்டுப் போயிருக்கும். புதிது என்று எடுத்துக்கொண்டு, தரவை ஃபைலில் எழுதும் பிக்யூஆக்ட் அதே ஃபைலின் வாலில் ஒட்டிவிடும். லெவல் 2 துண்டு துண்டாக வருவதால் ஃபைல் திறக்கும், படம் மட்டும் கோணும்.

ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் பெரிய அலை அடித்தது. எல்டிஎம் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் கடைசியாக வாங்கிய பிராடக்டின் விவரத்தை ஒரு சின்ன ஃபைலில் எழுதிவைக்கும். திரும்ப இணையும்போது ‘இந்தக் கையொப்பத்துக்கு அடுத்ததிலிருந்து கொடு’ என்று கேட்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த ஃபைல் அப்ஸ்ட்ரீம், ஃபீட், பேட்டர்ன் மூன்றையும் வைத்துப் பெயரிடப்படுகிறது. பேட்டர்னில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது எல்டிஎம்முக்குப் புத்தம் புதிய ரிக்வெஸ்ட். கடைசியாக என்ன வாங்கினோம் என்ற நினைவு இல்லை, ஆகவே ஒரு மணி நேரத்துக்கு முன்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்கும். கியூவில் அந்த ஒரு மணி நேரம் பத்திரமாக இருந்தால் எல்லாம் டூப்ளிகேட் என்று தள்ளுபடியாகிவிடும், யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் மொத்தமும் திரும்ப இறங்கி, கீழே இருக்கும் கல்லூரிகளுக்கும் திரும்பப் போகும்.

மூன்றாவது, அந்தப் பையனின் வராத ஜிஎஃப்எஸ். கீழே இருக்கும் மெஷின் சற்றுப் பின்தங்கினால் எங்கள் கியூவில் அதற்கு வேண்டிய பிராடக்ட் அதற்குள் அழிந்திருக்கும். அதற்கு அனுப்பும் எங்கள் பக்கத்துப் பிராசஸ் கையில் மிச்சமிருக்கும் பழையதிலிருந்து தொடரும், நடுவில் ஓட்டை.

பிராடக்ட் எங்களிடம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அளக்க எல்டிஎம்அட்மினில் வெட்கியூசைஸ் என்றொரு கட்டளை இருக்கிறது. கியூவில் தங்கும் குறைந்தபட்ச நேரத்தையும் மேக்ஸ் லேட்டன்சியையும் ஒப்பிட்டு, போதாவிட்டால் சொல்லும். ரெஜிஸ்ட்ரியில் விட்டால் தானே கியூவைப் பெரிதாக்கவும் செய்யும், அல்லது லேட்டன்சி எண்ணைக் குறைக்கவும் செய்யும். தானாகச் செய்வதை நான் விரும்பவில்லை. கியூவை மாற்ற எல்டிஎம் நிற்க வேண்டும், எப்போது நிற்பது என்பதை மனுஷன் முடிவு செய்யட்டும். எச்சரிக்கை மட்டும் போதும் என்று வைத்தேன்.

கியூவை 32 ஜிகாபைட்டுக்கு ஏற்றினேன். மெஷினின் ரேமில் அது முழுதாக உட்கார வேண்டும்; இல்லாவிட்டால் மேப் ஆன ஃபைல் டிஸ்க்குக்கும் மெமரிக்கும் அலைந்து, மொத்த ரிலேயும் டிஸ்க்கின் வேகத்துக்கு இறங்கிவிடும். பைட் அளவை மட்டும் ஏற்றினால் போதாது, ஸ்லாட்டையும் பாருங்கள். கியூ ஒரு பிராடக்டுக்கு ஒரு ஸ்லாட் ஒதுக்கும். சின்னச் சின்ன எழுத்து அறிக்கைகள் அதிகம் என்றால் இடம் மிச்சம் இருக்கும்போதே ஸ்லாட் தீர்ந்து பழையது வெளியே போகும். பிக்யூமான் காட்டும் எண்களில் மின்எம்ப்டி என்ற எண் சுழியமாகிவிட்டால் இதுதான் நடக்கிறது.

கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிராடக்டின் வயது, தாமதம் எல்லாம் இரண்டு மெஷின்களின் கடிகார வித்தியாசத்தில் கணக்கிடுவது. கடிகாரம் விலகிய மெஷின் நல்ல தரவைப் பழசு என்று தள்ளும். கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஒருவரையொருவர் உதைத்துக்கொண்ட இரண்டு மெஷின்கள்

லாக்கில் ஒரே லேபின் முகவரியிலிருந்து ஓர் இணைப்பு வரும், சற்று நேரத்தில் ‘தேவையற்ற இரட்டை இணைப்பு’ என்று எல்டிஎம் ஒன்றை முடித்துவைக்கும், உடனே இன்னொன்று வரும். நாள் முழுக்க இதே கூத்து. லேபில் போய்ப் பார்த்தால் இரண்டு மெஷின். ஒன்று அவிப்ஸ் சர்வர், மற்றது மாணவர்கள் சோதனைக்கு வைத்தது. இரண்டும் லேபின் நேட் ரூட்டருக்குப் பின்னால், வெளியே ஒரே முகவரி.

எல்டிஎம்மில் சேவை மறுப்புத் தாக்குதலைத் தடுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே முகவரியிலிருந்து அதே ஃபீடும் பேட்டர்னும் திரும்பக் கேட்கப்பட்டால், பழைய இணைப்பு செத்துப்போய்த் திரும்ப வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பழையதைக் கொன்றுவிடும். பெரும்பாலும் சரியான ஊகம். ஃபயர்வாலில் பாதியில் அறுந்த இணைப்புகள் பேயாகத் தொங்காமல் இருப்பது இதனால்தான். நேட்டுக்குப் பின்னால் மட்டும் அது பொய்த்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் அதை அணைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. லேபில் இருக்கும் இரண்டு மெஷினுக்காக வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் ரிலேயின் பாதுகாப்பைக் கழற்றுவது எனக்கு ஒப்பவில்லை. சோதனை மெஷினின் ரிக்வெஸ்டை ரிலேயிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருக்கும் அவிப்ஸ் சர்வரிடம் கேட்கும்படி மாற்றினோம். அதே தரவு லேபுக்குள் இரண்டு முறை வருவதும் நின்றது.

எழுதும் முறை

இப்போது எல்டிஎம்டி.கான்ஃபை யாரும் கையால் தொடுவதில்லை. ஒரு அட்டவணை ஃபைல் இருக்கிறது: ஃபீட், பேட்டர்ன் குழு, முதல் அப்ஸ்ட்ரீம், காப்பு அப்ஸ்ட்ரீம், யாருக்காக, ஏன். அட்டவணையின் கடைசி இரண்டு நிரல்களால் எல்டிஎம்முக்கு எந்தப் பயனும் இல்லை. அடுத்து இந்த வேலைக்கு வருபவருக்கு மற்ற நிரல்களைவிட அவைதான் பயன். ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் அதிலிருந்து ரிக்வெஸ்ட், அலவ் வரிகளை எழுதும். அட்டவணை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் இருக்கிறது.

ஸ்கிரிப்டின் உண்மையான பயன் எழுதுவதில் இல்லை, எழுத மறுப்பதில் இருக்கிறது. இலக்கம் வைத்துப் பிரித்த ஃபீடில் பத்து இலக்கமும் ஒவ்வொரு முறை வந்திருக்கிறதா என்று பார்க்கும். கூட்டுப்பெயர்களைப் பிட்டுகளாக விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ரிக்வெஸ்டுகளைக் காட்டும். கீழே இருப்பவர்கள் கேட்கும் ஒவ்வொன்றையும் நாம் மேலே கேட்கிறோமா என்று சரிபார்க்கும். அலவ் வரிகளில் ஹோஸ்ட் பெயர் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் நங்கூரம் போடாமல், புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போடாமல் எழுதினால் வேறு யாரோ ஒருவரின் டொமைன் பெயரும் அதில் பொருந்தும். அதையும் தடுக்கும். புள்ளி, நட்சத்திரத்தில் தொடங்கும் பேட்டர்ன்களும் கூடாது: ஒவ்வொரு பிராடக்டுக்கும் வீணாக சிபியூவைத் தின்பவை.

வந்த பிராடக்டை என்ன செய்வது என்று சொல்லும் பிக்யூஆக்ட்.கான்ஃப் பற்றி ஒரே வரி: நிரல்களுக்கு நடுவில் டேப் வேண்டும், ஸ்பேஸ் அல்ல. மாற்றியபின் பிக்யூஆக்ட்செக் ஓட்டிவிட்டு எச்யூபி சிக்னல் (ஃபைலைத் திரும்பப் படி என்ற செய்தி) கொடுத்தால் போதும், எல்டிஎம்மை நிறுத்த வேண்டாம். எல்டிஎம்டி.கான்ஃபுக்கு அந்தச் சலுகை இல்லை, ரீஸ்டார்ட்தான்.

மாற்றிய நாள்

ரீஸ்டார்ட் எப்போது என்பதை நார்மன் நகரத்துப் புயல் கணிப்பு மையத்தின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தேன். எங்கள் பகுதியில் கடும் புயலுக்கு ஸ்லைட் ரிஸ்க் (லேசான அபாயம்) போட்டிருந்தால்கூடத் தொடக் கூடாது என்பது என் கொள்கை. ஜிஎஃப்எஸ் அலை ஓய்ந்த நேரமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் அமைந்த ஒரு காலைப்பொழுதில் செய்தேன்.

பழைய மெஷினிலேயே மாற்றாமல் புது மெஷினில் புது கான்ஃபிகோடு எல்டிஎம்மை எழுப்பி, முதலில் பழையதிடமிருந்தே எல்லா ஃபீடையும் வாங்க வைத்தேன். இதற்குக் காரணம் மறுபடியும் அந்தக் கியூதான். கீழே இருப்பவர்கள் புது மெஷினுக்கு வரும்போது தாங்கள் கடைசியாக வாங்கிய பிராடக்டின் கையொப்பத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். அது புது மெஷினின் கியூவில் இருந்தாக வேண்டும். வெறும் கியூவோடு திறந்தால் எங்கே விட்டோம் என்பது தெரியாமல் நேரத்தை வைத்துத் தோராயமாகத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிரம்பவிட்டு, நோட்டிஃபைமீ கட்டளையால் ஒவ்வொரு ஃபீடும் பேட்டர்னும் வெளியிலிருந்து கேட்டால் கிடைக்கிறதா என்று பார்த்தபிறகு, மேலே இருக்கும் உண்மையான அப்ஸ்ட்ரீம்களுக்கு ரிக்வெஸ்டைத் திருப்பினேன்.

கல்லூரிகளிடம் யாருக்கும் மெஷின் பெயர் கொடுத்ததில்லை, ஒரு சிநேம் மாற்றுப்பெயர்தான் கொடுத்திருந்தார்கள். என் முன்னோர் செய்த புண்ணியம். டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைப் புது மெஷினுக்குத் திருப்பினேன். எல்டிஎம் இணையும்போது மட்டும்தான் பெயரைத் தேடும் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் பழைய மெஷினிலேயே தொங்கும். டிஎன்எஸ் பழைய பதில் காலாவதியானபின் பழைய எல்டிஎம்மை நிறுத்தினால், எல்லோரும் அறுந்து தாங்களாகவே புதியதில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். வந்தார்கள். தாமதத்தை வரைந்து காட்டும் ஆர்டிஸ்டாட்ஸில் கான்டூயிட் தாமதம் தட்டையாக, அடுத்த அலையிலும் நொடிகளுக்குள்ளேயே நின்றது. ஆர்கைவில் இரட்டை ஸ்கேன் எதுவும் இல்லை.

ஒரே ஒரு கல்லூரி வரவில்லை. அவர்கள் ரிக்வெஸ்டில் பெயருக்குப் பதில் பழைய மெஷினின் ஐபி எண்ணை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காகப் பழைய மெஷினில் எல்டிஎம்மைத் திரும்ப எழுப்பி, எழுத்து ஃபீடையும் இரண்டு ரேடாரையும் மட்டும் புதிய மெஷினிடம் வாங்கி அவர்களுக்குக் கொடுக்கும்படி வைத்திருக்கிறேன். மெயில் போட்டாயிற்று. அங்கே எல்டிஎம்மைப் பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம், ரூட் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.